புரோபயாடிக் சாப்பிட்டால் சிடி4 ஏறுமா? எச்.ஐ.வி.க்கும் குடலுக்கும் என்ன தொடர்பு?

எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாள் கூட விடாமல் எடுக்கிறார். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆனால் சிடி4 எண்ணிக்கை மட்டும் 250, 280 என்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. இப்படி ஒருவர் 'சிடி4 கூட்டுவது எப்படி' என்று செல்போனில் தேடினால், கண்ணில் படும் பதில்களில் ஒன்று புரோபயாடிக். 'குடல் சரியானா எல்லாம் சரியாகும்' என்ற வாக்கியமும் கூடவே வரும்.

இது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. எச்.ஐ.வி. குடலைப் பதம் பார்க்கிறது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆனால், கடையில் கிடைக்கும் கேப்ஸ்யூல் அந்தச் சேதத்தைச் சரிசெய்து சிடி4-ஐ உயர்த்துமா என்பது தனிக் கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும்போதுதான் பணம் கரைகிறது.

எவ்வளவு பணம்? ஒரு கேப்ஸ்யூல் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 2 என்றால் மாதம் 900 ரூபாய். வருடத்துக்கு 10,800 ரூபாய். நீலகிரி மாவட்டம் குந்தா வட்டத்தில், மஞ்சூர் பக்கம் உள்ள பிக்கட்டி போன்ற தேயிலை ஊரில் இது சின்னத் தொகை இல்லை. பசுந்தேயிலை விலை இறங்கும் மாதங்களில் வீட்டுச் செலவே இழுபறிதான். அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் எச்.ஐ.வி. மாத்திரை இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டியது இந்தக் கூடுதல் கேப்ஸ்யூலைத்தான். அது அந்தக் காசுக்குத் தகுதியானதா?

சிடி4 என்றால் என்ன? சிலருக்கு ஏன் ஏறுவதில்லை?

சிடி4 என்பது ஒருவகை வெள்ளை அணு. நோய்க்கிருமி உள்ளே வந்தால் மற்ற அணுக்களுக்குத் தகவல் சொல்லி வேலைக்கு அனுப்பும் மேஸ்திரி மாதிரி. எச்.ஐ.வி. குறிவைப்பது இந்த அணுவைத்தான். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் பொதுவாக 500 முதல் 1,500 வரை சிடி4 இருக்கும். 200-க்குக் கீழே போனால், சாதாரணமாக உடல் சமாளித்துவிடும் கிருமிகள்கூட உயிருக்கு உலை வைக்கும்.

ஏ.ஆர்.டி. எனும் கூட்டு மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. வைரஸ் அடங்கியதும் பெரும்பாலானவர்களுக்கு சிடி4 மெல்ல மெல்ல ஏறும். ஆனால் ஒரு பகுதியினருக்கு, வைரஸ் முழுமையாக அடங்கிய பிறகும், எதிர்பார்த்த அளவு ஏறுவதில்லை. எந்த அளவை 'போதாது' என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்து, இவர்களின் பங்கு 10 முதல் 40 சதவீதம் வரை என ஆய்வுகள் சொல்கின்றன.

முக்கியக் காரணம், தாமதம். சிடி4 ரொம்பவும் சரிந்த பிறகு சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்கு ஏற்றமும் மெதுவாகத்தான் இருக்கும். வயது கூடக் கூடப் புதிய அணுக்கள் உருவாவதும் குறையும். காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ்கள் போன்ற கூட்டுத் தொற்றுகளும் இழுத்துப் பிடிக்கும். இந்தப் பட்டியலில் குடலுக்கும் ஒரு இடம் உண்டு.

இதில் குடல் எங்கிருந்து வந்தது?

நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும் பங்கு இருப்பது குடல் சுவரில். காரணம் எளிது. வெளியிலிருந்து வரும் சாப்பாடும் தண்ணீரும், அதோடு கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் கடந்துபோகும் பாதை அது. அங்கே காவல் பலமாக இருந்தாக வேண்டும்.

எச்.ஐ.வி. உடலுக்குள் வந்த முதல் சில வாரங்களிலேயே குடலில் உள்ள சிடி4 அணுக்கள் பெருமளவில் அழிகின்றன என்பதை 2004-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை ஓரளவு நன்றாகத் தெரியும் நேரத்திலேயே குடலில் காவல் காலியாகியிருக்கும். முக்கியமாக, குடல் சுவரைப் பழுதுபார்த்து வைத்திருக்கும் 'டிஎச்17' வகை அணுக்கள் குறைந்துவிடும்.

அடுத்து நடப்பதை 2006-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சுவரில் கசிவு ஏற்படுகிறது. குடலுக்குள்ளேயே இருக்க வேண்டிய பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. உடல் அதைத் தாக்குதல் என்று நினைத்து நாள் முழுக்க உஷார் நிலையில் இருக்கிறது. இதுதான் நாள்பட்ட அழற்சி. வைரஸ் அடங்கிய பிறகும் பலருக்கு இது கொஞ்சம் மிச்சம் இருக்கும். சிடி4 ஏறாமல் இருப்பதற்கும், எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களிடம் இதய நோய் ஆபத்து கூடுதலாக இருப்பதற்கும் இந்த அழற்சியோடு தொடர்பு இருக்கிறது.

புரோபயாடிக் யோசனை பிறந்தது இங்கேதான். நல்ல பாக்டீரியாவை உள்ளே அனுப்பினால் சுவர் சரியாகும், கசிவு நிற்கும், அழற்சி குறையும், சிடி4 ஏறும். தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவத்தில் தர்க்கம் மட்டும் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

குன்னூரில் தொடங்கிய ஒரு தேடல்

குடலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் முடிச்சுப் போடுவது புதுசு இல்லை. அதன் ஒரு அத்தியாயம் நீலகிரியிலேயே எழுதப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த எலி மெட்ச்னிகாஃப், புளித்த பாலில் உள்ள பாக்டீரியா ஆயுளைக் கூட்டலாம் என்ற கருத்தைத் தன் புத்தகத்தில் முன்வைத்தார். இன்றைய புரோபயாடிக் பேச்சுக்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் 'பெரிபெரி' நோய் ஆய்வைத் தொடங்கினார். சத்துக் குறைந்த உணவு கொடுத்த குரங்குகளின் குடலை ஆராய்ந்து, குடல் உட்சுவர் புண்ணாகிப் பலவீனப்படுவதையும், அதனால் கிருமிகளைத் தடுக்கும் திறன் குறைவதையும் பதிவு செய்தார். அந்த ஒற்றை அறைதான் பிறகு வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

மெக்காரிசன் ஆய்வு செய்த காலத்தில் எச்.ஐ.வி. பற்றி யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் கண்டது இன்றும் பொருந்துகிறது. குடல் சுவரைக் காப்பதில் தினசரிச் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

சோதனைகளில் என்ன தெரிந்தது?

முதலில் நம்பிக்கை தந்தது குரங்கு ஆய்வு. எச்.ஐ.வி.யின் குரங்கு வடிவமான எஸ்.ஐ.வி. தொற்றிய குரங்குகளுக்கு, வைரஸ் மருந்தோடு புரோபயாடிக்கும், நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகும் ப்ரீபயாடிக்கும் கொடுத்தார்கள். குடலில் சிடி4 அணுக்கள் மீண்டது, மருந்து மட்டும் பெற்ற குரங்குகளைவிட நன்றாக இருந்தது. 2013-ல் வெளியான இந்த முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

மனிதர்களிடம் கதை வேறு. இதைப் புரிந்துகொள்ள தான்சானியாவின் முவான்சா நகரம் நல்ல உதாரணம். கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றின் உதவியோடு, உள்ளூர்ப் பெண்களே சமையல்கூடம் நடத்தி, 'லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஆர்-1' என்ற பாக்டீரியா சேர்த்த தயிரைத் தயாரித்தார்கள். எச்.ஐ.வி.யுடன் வாழும் பலர் அதைச் சாப்பிட்டார்கள்.

தயிர் சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டு 2010-ல் வெளியான ஆய்வு, சாப்பிட்டவர்களுக்கு சிடி4 கூடுதலாக ஏறியது என்றது. தலைப்புச் செய்திக்கு இது போதும். ஆனால் யார் தயிர் சாப்பிடுவது என்பதை ஆய்வாளர்கள் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. தினமும் தயிர் சாப்பிட்டவருக்கு அதோடு பாலின் புரதமும் கலோரியும் கிடைத்திருக்கும். ஏற்கெனவே வசதியும் அக்கறையும் கொஞ்சம் கூடுதலாக இருந்தவராகவும் இருக்கலாம். சிடி4 ஏறியது பாக்டீரியாவாலா, பாலாலா, வாழ்க்கை நிலையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதே முவான்சாவில், ஏ.ஆர்.டி. இன்னும் தொடங்காத 65 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தும் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு ஜிஆர்-1 உள்ளிட்ட இரண்டு பாக்டீரியா அடங்கிய கேப்ஸ்யூல், இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத டம்மி கேப்ஸ்யூல். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. 25 வாரம் கழித்துப் பார்த்தால், பக்க விளைவு பெரிதாக இல்லை. சிடி4-இலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த முடிவு 2011-ல் வெளியானது.

அதற்குப் பிறகு வந்தவையும் கலவையான முடிவுகளே. 2015-ல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், ஏ.ஆர்.டி. எடுக்கும் 44 பேரில் 'சாக்கரோமைசஸ் பவுலார்டி' என்ற ஈஸ்ட்டை 12 வாரம் பெற்றவர்களுக்குக் கசிவையும் அழற்சியையும் காட்டும் சில ரத்த அளவீடுகள் குறைந்தன. அமெரிக்காவின் எய்ட்ஸ் மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பு, பல பாக்டீரியா கலந்த வீரியமான புரோபயாடிக் ஒன்றை 24 வாரம் கொடுத்துப் பார்த்தது. முக்கியமாகக் கவனித்த அழற்சி அளவீட்டில் டம்மியைவிட மேலாக எதுவும் நடக்கவில்லை. நார்வேயில், மருந்து எடுத்தும் சிடி4 ஏறாதவர்களை மட்டுமே சேர்த்து ஒரு ஆய்வு நடந்தது. அங்கேயும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சில மாற்றங்கள் தெரிந்ததோடு சரி.

ரத்த அளவீடு ஒன்று குறைந்தால் அதுவே நல்ல செய்திதானே?

நல்ல அறிகுறி. ஆனால் முடிவான பதில் இல்லை. நோயாளிக்கு வேண்டியது குறைவான நோய், நீண்ட ஆயுள். லேப் ரிப்போர்ட்டில் ஒரு எண் மாறுவது இதற்குச் சமம் ஆகாது.

உண்மையான ஆதாரம் எப்படி இருக்கும் என்பதற்கு, எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் இதய ஆபத்தைக் குறைக்க முடியுமா என்று பார்த்த 'ரிப்ரீவ்' ஆய்வு உதாரணம். இந்தியா உள்பட 12 நாடுகளில் 7,769 பேர் இதில் சேர்ந்தார்கள். பிட்டாவாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைவாக இருந்தன. முடிவு வெளியான ஆண்டு 2023. எண்ணப்பட்டது ரத்த அளவீட்டை மட்டும் இல்லை, நிஜமான நோயை. எச்.ஐ.வி.யில் புரோபயாடிக்குக்கு இந்த அளவு ஆதாரம் இன்றுவரை இல்லை.

வீட்டுத் தயிரும் புரோபயாடிக்தானே?

உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2001-ல் தந்த வரையறைப்படி, போதுமான அளவில் உயிரோடு உள்ளே போய், உடலுக்கு நன்மை தருவதாக நிரூபிக்கப்பட்ட நுண்ணுயிரே புரோபயாடிக். எந்த வகை, எத்தனை கோடி, எதற்கு நல்லது என்று மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுத் தயிரில் உயிருள்ள பாக்டீரியா நிறைய உண்டு. ஆனால் எந்த வகை, எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். குளிருக்கும் மாறும். கோவையில் காலையில் உறைந்துவிடும் தயிர், மலைமேல் பனிக்காலத்தில் அடுப்பு ஓரமாக வைத்தால்தான் உறையும். அதனால் வீட்டுத் தயிரை 'சிடி4 மருந்து' என்று சொல்ல முடியாது.

அதற்காகத் தயிர் வீண் என்று அர்த்தம் இல்லை. காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிர் புரதமும் கால்சியமும் தருகிற, எளிதாகச் செரிக்கிற, விலை குறைந்த உணவு. முவான்சாவில்கூட தயிர் சாப்பிட்டவர்கள் கூடுதல் நேரம் வேலை செய்ய முடிந்ததாகச் சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறிப்பவருக்குத் தெம்பு என்பது கூலி. நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி போடும் நார்ச்சத்தும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அவரை, கேரட், கீரை, ராகி எல்லாம் அந்த வகைதான்.

கேப்ஸ்யூல் எடுத்தால் கெடுதல் உண்டா?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. வயிற்றில் வாயு, உப்புசம் என்ற அளவில் முடிந்துவிடும். ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்குக்கு மருத்துவரே சில நாட்கள் எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, சிடி4 மிகக் குறைவாக உள்ளவர்கள், ஆஸ்பத்திரியில் பெரிய ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏறிக்கொண்டிருப்பவர்கள். அபூர்வமாக என்றாலும், புரோபயாடிக் பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ ரத்தத்தில் புகுந்து தொற்றாக மாறிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அதாவது, யாருக்கு 'எதிர்ப்பு சக்தி கூடும்' என்று சொல்லி விற்கப்படுகிறதோ, அவர்களில் மிகவும் பலவீனமானவர்களுக்குத்தான் ஆபத்தும் கூடுதல்.

இரண்டாவது இன்னும் நடைமுறையானது. 'இம்யூனிட்டி' என்ற பெயரில் வரும் பல தயாரிப்புகளில் புரோபயாடிக்கோடு கால்சியம், இரும்பு, மெக்னீசியம், துத்தநாகம் எல்லாம் கலந்திருக்கும். இந்தியாவில் இப்போது பரவலாகத் தரப்படும் எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிர் மருந்து இந்தத் தாதுக்களோடு ஒட்டிக்கொண்டு, உடலில் சேராமல் போகலாம். அசிடிட்டிக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்துக்கும் இது பொருந்தும். டோலுடெக்ராவிர் மாத்திரையை ஆன்டாசிட்டுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோதான் எடுக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதே இடைவெளி நல்லது. சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் மட்டும் இரண்டையும் ஒன்றாக எடுக்கலாம். சிடி4 ஏறட்டும் என்று வாங்கிய பாக்கெட், சிடி4-ஐ ஏற்றும் மருந்தையே தடுத்தால் எப்படி?

பாக்கெட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாமா?

முடியாது. சத்துப்பொருளாக விற்கப்படும் புரோபயாடிக்குகள் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் கீழ் வருகின்றன. 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும். மருந்துகளுக்கான விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. அதில் முதலில் இருக்கும் பெயரே எய்ட்ஸ்தான். எனவே 'எச்.ஐ.வி.யை விரட்டும்' என்று ஒரு பாக்கெட்டோ வாட்ஸ்அப் வீடியோவோ சொன்னால், அதை அங்கேயே மூடிவிடலாம்.

அப்போ சிடி4 ஏற எதுதான் உதவும்?

பதில் சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. சீக்கிரம் தொடங்கிய ஏ.ஆர்.டி., விடாமல் எடுக்கும் ஏ.ஆர்.டி.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன், அவரிடம் படித்த நிர்மலா ஆகியோரின் உழைப்பு அது. அடுத்த 18 ஆண்டுகள், காசு உள்ளவருக்கு மட்டுமே மருந்து என்ற நிலைதான். 2004 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி.யைத் தொடங்கியபோது, முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. அப்போதும் சிடி4 குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். 2015-ல் வெளியான 'ஸ்டார்ட்' ஆய்வு அந்த வழக்கத்தை மாற்றியது. 35 நாடுகளைச் சேர்ந்த 4,685 பேரில், சிடி4 500-க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குக் கடும் நோயும் மரணமும் 57 சதவீதம் குறைவாக இருந்தன. 2017 முதல் இந்தியாவிலும், எச்.ஐ.வி. உறுதியானால் சிடி4 எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை என்பதே கொள்கை.

சிடி4 நின்றுபோன ஒருவர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இதையொட்டியே வருகின்றன. வைரஸ் அளவுப் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது? காசநோய் இல்லை என்று பார்த்தாயிற்றா? காசநோய்த் தடுப்பு மாத்திரை முடித்தாயிற்றா? சிடி4 குறைவாக இருக்கும்வரை தொற்றைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் தொடர வேண்டுமா? மஞ்சள் காமாலை வைரஸ் சோதனை ஆயிற்றா? எடை குறைகிறதா? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உயிர் காக்கும் ஆதாரம் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வைரஸ் நன்றாக அடங்கியிருந்தால், சிடி4 மெதுவாக ஏறினாலும் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருள் இல்லை. வைரஸ் கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. பரவாது என்பதும் உறுதியாகியிருக்கிறது.

மலை ஊரில் இருப்பவர் என்ன செய்யலாம்?

பிக்கட்டி மாதிரி ஊரில் பிரச்சினை மருந்தின் விலை இல்லை. தூரமும், ஊர்ப் பேச்சும்தான். ஏ.ஆர்.டி. மையத்துக்கு மலை இறங்கிப் போய் வர ஒருநாள் கூலி போகும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் பஸ்ஸும் நிற்கும். சின்ன ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால், மையத்தின் வாசலில் நிற்பதைவிட எங்கேயாவது ஒரு டப்பாவை வாங்கிக்கொள்வது சுலபமாகத் தோன்றலாம்.

இதற்கு வழிகள் இருக்கின்றன. நிலையாக இருப்பவர்களுக்கு ஒரே தடவையில் சில மாதத்துக்கான மாத்திரை தரும் ஏற்பாடு உண்டு. மழைக்காலத்துக்கு முன்பே அதைக் கேட்டுப் பெறலாம். பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதும், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதும் தவறு.

புரோபயாடிக் ஆய்வு முடிந்துபோன கதை இல்லை. எந்த பாக்டீரியா, யாருக்கு, எவ்வளவு நாள் என்ற தேடல் தொடர்கிறது. நாளை சரியான கலவை கிடைத்தால் அது ஏ.ஆர்.டி.க்குத் துணையாக வரலாம், மாற்றாக அல்ல. அதுவரை, மாதம் 900 ரூபாய் ஒதுக்க முடிகிற வீட்டில் அந்தக் காசு பாலுக்கும் முட்டைக்கும் பயறுக்கும், மையத்துக்குப் போகும் பஸ் செலவுக்கும் போவதே லாபம்.